பதினேழாம் சந்தியின் இரண்டு வாக்குமூலங்கள்

அத்தியாயம் 9

“கொலகாரன் யாருன்னு கேட்டா கண்டுபிடிக்கலாம் மெடம். மவுத்தான ஆளே ‘நான் மவுத்து’ன்னு ஒருக்கா, ‘இல்ல, உசிரோடதான் ஈக்கிறன்’னு ஒருக்கா மாறி மாறிச் சொன்னா நாங்க என்ன செய்யிற?”

அஸ்ஃபர் இப்படிக் கேட்டது மேசையில் இருந்த ஒரு மடிக்கணினியைப் பார்த்து. கண்டியில் ஓட்டோ ஓட்டுகிறவர்களில் துப்பறியத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான்; துப்பறிகிறவர்களில் ஓட்டோ ஓட்டத் தெரிந்தவனும் அவன்தான். இரண்டு தொழிலிலும் அவனுக்கு ஒரே பாணி. ஒருவழிப் பாதையைக் கண்டால் எதிர்ப்பக்கமாகத்தான் நுழைவான்.

மெடம் என்று அழைக்கப்பட்டவர் இராஜகுமாரி. இன்சூரன்ஸ் கம்பனி ஒன்றில் பொய் விபத்துகளைப் பிடித்துப் பிடித்துச் சலித்துப்போய், கண்டியின் கொழும்பு வீதியில் ஒரு புடவைக் கடையின் மேல்மாடியில் சொந்தமாகத் துப்பறியும் நிலையம் திறந்தவர். அவர் கூர்ந்து பார்த்தால் பொய் சொல்கிறவனின் சட்டைப் பொத்தான் தானாகக் கழன்று விழும் என்று அந்தக் கட்டடத்தில் ஒரு பேச்சு உண்டு. புடவைக் கடைக்காரர் அதை முழுதாக நம்பினார். அம்மணி படியேறும்போதெல்லாம் கழுத்துப் பொத்தானைக் கையால் பொத்திக்கொள்வார்.

எதிர்க் கதிரையின் விளிம்பில் டிலானி உட்கார்ந்திருந்தாள். நாவலப்பிட்டிப் பெண். குண்டசாலையில் வாடகை அறை. பேராதனை வீதியில், நடராஜா என்பவரின் நீர்க்குழாய் வடிவமைப்பு அலுவலகத்தில் வேலை. கால் விரல்கள் செருப்புக்குள் ஓட்டப்பந்தயம் நடத்திக்கொண்டிருந்தன.

“இன்னொரு தடவை சொல்லும்மா. அஸ்ஃபருக்குப் புரியிற மாதிரி” என்றார் இராஜகுமாரி.

“மெடமுக்குப் புரியல்லன்னு நேராவே சொல்லலாம்” என்றான் அஸ்ஃபர்.

டிலானி மூச்சை இழுத்துக்கொண்டாள். “ஹந்தானைத் தோட்டத்துக்குப் புதுசாத் தண்ணி லைன் போடுறாங்க மெடம். எந்தக் குழாயில எவ்வளவு தண்ணி ஓடும், எந்தச் சந்தியில எவ்வளவு அமுக்கம் இருக்கும்னு கணக்குப் பார்க்கிற புரோகிராம் நான் எழுதினது. அதுல நிறையச் சமன்பாடு, ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிட்டு இருக்கும். அதுவும் நேர்கோடு மாதிரி இல்ல. தண்ணியை ரெண்டு மடங்காக்கினா அமுக்க இழப்பு கிட்டத்தட்ட நாலு மடங்காகும். அதனால ஒரே வரியில விடை எடுக்க முடியாது. முதல்ல ஒரு குத்துமதிப்பு விடையைக் கொடுப்போம். எங்க எவ்வளவு பிழைன்னு பார்த்து அது திருத்தும். மறுபடி பார்க்கும், மறுபடி திருத்தும். பிழை குறைஞ்சு குறைஞ்சு ஒரு இடத்துல வந்து நிக்கும். அதுதான் விடை.”

“புரியாணிக்கு உப்புப் பார்க்கிற மாதிரி.”

“ஆமா அண்ணே. ஆனா இது நாப்பது சட்டி. ஒரு சட்டியில உப்பைப் போட்டா மத்த எல்லாச் சட்டியிலயும் ருசி மாறும்.”

“அல்லாஹ்வே! என்ட உம்மா ஒரு சட்டிக்கே எங்களை வீட்டால விரட்டுவாங்க.”

“வெள்ளிக்கிழமை வரைக்கும் ஒழுங்கா வந்து நின்னுச்சு மெடம். திங்கக்கிழமையில இருந்து நிக்கவே மாட்டேங்குது. ஒரு தடவை ஒரு விடை. அடுத்த தடவை வேற விடை. அப்புறம் திரும்ப முதல் விடை. எவ்வளவு நேரம் ஓட விட்டாலும் இந்த ரெண்டுக்கும் நடுவுல அல்லாடிக்கிட்டே இருக்கு.” குரல் இறங்கியது. “எனக்குக் கொழும்புல வேலை கிடைச்சிருக்கு. போன கிழமைதான் நடராஜா சேர்கிட்ட சொன்னேன். சொன்ன கையோட இது இப்படி ஆயிடுச்சு. போற கோபத்துல நானே உடைச்சிட்டேன்னு சேர் சொல்றாரு. கொழும்பு ஒஃபிஸ்ல இருந்து என்னைப் பத்தி விசாரிக்க இன்னைக்கு நாலு மணிக்கு அவருக்குக் கோல் எடுப்பாங்க. அவர் அதைச் சொன்னா என் பேரு அதோட போச்சு. அந்த வேலை மட்டும் இல்ல மெடம், இந்தத் தொழில்ல எந்த வேலையும் கிடைக்காது.”

சுவர்க் கடிகாரம் டிக் டிக் என்றது. அஸ்ஃபரின் காதில் அது மீட்டர் ஓடுகிற சத்தமாகவே விழுந்தது. இராஜகுமாரி ஏற்கனவே குடையைக் கையில் எடுத்துவிட்டார்.

நடராஜாவின் அலுவலகத்துக்குப் போன பிறகுதான் ‘ஒழுங்கு’ என்ற சொல்லுக்கு முழுப் பொருள் விளங்கியது. மேசையில் பேனாக்கள் அணிவகுப்புக்கு நிற்கும் பொலிஸ்காரர்களைப் போல நின்றன. சுவரில் மாட்டிய படங்களின் மட்டத்தை வைத்து மலைநாட்டுக்கே வீதி போடலாம். நடராஜா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கண்டியில் வேரூன்றியவர். முடி நடுவகிடு எடுத்து, இரண்டு பக்கமும் சரிசமமாகப் பங்கிடப்பட்டிருந்தது.

“ஓம், வாங்கோ. இருங்கோ” என்றவர் தானே இருக்கவில்லை. பாதி திறந்து கிடந்த ஜன்னலைப் போய்ப் பூட்டினார். மழை வரும் போலிருக்கிறது என்று அஸ்ஃபர் நினைத்தான். திரும்பி வருகிற வழியில், பாதி இழுத்துக் கிடந்த மேசை லாச்சியையும் உள்ளே தள்ளினார். தன் கோப்பையில் பாதி மிஞ்சியிருந்த தேநீரை ஒரே மடக்கில் முடித்தார்.

“நான் ஏன் பொய் சொல்லப்போறன்? புரோகிராமை எழுதினது அந்தப் பிள்ளை. உடைக்கத் தெரிஞ்சதும் அந்தப் பிள்ளைக்குத்தான். நான் ஒரு நாளும் அதுக்குள்ள கை வைக்கேல்லை.”

“வேற யாரு வேலை செய்றாங்க?”

“யுகேஷ் எண்டு ஒரு பெடியன். ஹந்தானையில அளந்து, எந்தக் குழாய் எங்க, எந்த வால்வு எப்பிடியெண்டு கணினியில போடுறவன். வெள்ளிக்கிழமை பின்னேரம் லீவெண்டு போனவன், இன்னும் ஆளைக் காணேல்லை. போனும் வேலை செய்யுதில்லை.”

அஸ்ஃபர் மெடத்தின் காதருகே குனிந்தான். “கேஸ் முடிஞ்சி. அவன்தான். வெள்ளிக்கிழம கைய வெச்சான், ஓடினான், போனை வாவில எறிஞ்சான்.”

“கணினியில யார் என்ன மாத்தினாங்கன்னு பார்க்க முடியாதா?” என்று கேட்டார் இராஜகுமாரி.

நடராஜா கொஞ்சம் நெளிந்தார். “இஞ்ச எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்ட்தான். ஒழுங்கா இருக்குமெண்டு நான்தான் அப்பிடிச் செய்தனான்.”

“நல்ல ஒழுங்கு சேர்” என்றான் அஸ்ஃபர். “எங்கட ஸ்டாண்டில பன்னண்டு ஓட்டோவுக்கும் ஒரே சாவி இருந்தா எவ்வளவு வசதி!”

வெளியே வந்து ஓட்டோவில் ஏறியதும் இராஜகுமாரி சொன்னார்: “சாட்சியை இங்கயே விசாரிப்போம்.”

“எந்தச் சாட்சி?”

“புரோகிராம்தான்.”

டிலானி பின்சீட்டில் மடிக்கணினியைத் திறந்தாள். பேராதனை வீதியில் வாகனங்கள் ஊர்ந்தன. பஸ்காரர்கள் போட்ட ஹோர்னில் வாவியின் ஆமைகள் ஓட்டுக்குள் தலையை இழுத்திருக்கும்.

“முதல் கேள்வி. புரோகிராம் வரிகளை யாராச்சும் மாத்தியிருக்காங்களா?”

“இல்ல மெடம். அறையில என்கிட்ட புரோகிராமோட பழைய கொப்பி ஒண்ணு இருக்கு. ரெண்டையும் ஒப்பிட்டேன். ஒரு எழுத்துக்கூட மாறல்ல.”

“நீ கொடுக்கிற குத்துமதிப்பு மோசமா இருக்குமோ? வேற இடத்துல இருந்து தொடங்கிப் பாரு.”

தொடங்கிப் பார்த்தாள். எல்லாக் குழாயும் காய்ந்து கிடப்பதாக வைத்து ஒரு தரம். எல்லாக் குழாயிலும் வெள்ளம் பாய்வதாக வைத்து ஒரு தரம். எங்கே தொடங்கினாலும் கடைசியில் அதே இரண்டு விடைகள், அதே அல்லாட்டம்.

“ரொம்ப அவசரப்பட்டுத் தாவுதோ? அடியைச் சின்னதா எடுத்து வைக்கச் சொல்லு.”

“பாதிப் பாதி அடியா வச்சும் பார்த்தேன். மெதுவாப் போகுது, ஆனா அங்கயேதான் போகுது.”

“சரி. வெள்ளிக்கிழமை வந்த விடை உன்கிட்ட இருக்கா? அதையே குத்துமதிப்பா கையில கொடு.”

டிலானியின் விரல்கள் ஒரு கணம் நின்றன. இது அவளுக்குத் தோன்றியிருக்கவில்லை. கொடுத்தாள். திரையைப் பார்த்தாள். முகம் வெளுத்தது. “வேணாம்னு தள்ளிட்டு, மறுபடி அதே ரெண்டுக்குப் போகுது.”

இராஜகுமாரி அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார். “வெள்ளிக்கிழமை சரின்னு ஒத்துக்கிட்ட விடையை இன்னைக்கு நீட்டினா, பிழைங்குது. எழுத்தும் மாறல்ல, விடையும் மாறல்ல. அப்போ மாறினது என்ன?”

“கேள்வி” என்றாள் டிலானி மெதுவாக.

“கேள்விதான். உன் புரோகிராம் உடையல்ல. யாரோ அதுக்கிட்டக் கொண்டுபோய்க் கொடுத்த சங்கதி மாறியிருக்கு. எந்த இடத்துல பிழை ரொம்பப் பெருசாக் கத்துது?”

“பதினேழாம் சந்தியில. எல்லாத் தடவையும் அங்கதான். ஒரு விடையில அமுக்கம் ரொம்பக் கூட, அடுத்ததுல ரொம்பக் குறைவு.” அவள் தலையில் கை வைத்தாள். “ஆனா உள்ள போட்ட விபரமெல்லாம் பார்த்தேன் மெடம். ஒண்ணுலயும் குத்தம் தெரியல்ல.”

“குத்தம் இருந்தா கண்ணுல படும். இருந்த சரியை ஒருத்தர் எடுத்துட்டா எப்படிக் கண்ணுல படும்? நீ என் ஒஃபிஸ்ல போய் இரு. போனைக் கையிலேயே வச்சிரு. அஸ்ஃபர், ஹந்தானைக்கு விடு.”

ஆஸ்பத்திரிப் பக்கத்தைத் தாண்டி மலைவீதியில் ஏறத் தொடங்கியதும் மழை பிடித்தது. சாதாரண மழையல்ல, வானத்தில் யாரோ மெயின் குழாயையே உடைத்துவிட்ட மாதிரியான மழை. ஓட்டோ இளைத்தது, இருமியது, ஒரு வளைவில் பின்னோக்கிப் போக யோசித்தது. பின்னால் நடந்து வந்த பசு ஒன்று பொறுமை இழந்து அவர்களை முந்திப் போனது. அஸ்ஃபர் அதற்கு மரியாதையாக ஹோர்ன் அடித்தான்.

“நேரம் பார்த்தியா?” என்றார் இராஜகுமாரி.

“பார்க்காமலா? பசு போற வேகத்தில போனா நாலு மணிக்குத் திரும்பலாம். எங்கட வேகத்தில போனா அந்தப் புள்ள பென்சனே எடுத்துடும்.”

ஒருவழியாகத் தோட்டத்து வரிசை வீடுகளான லயங்கள் தெரிந்தன. வேப்பிலைத் தோரணம், ஒலிபெருக்கியில் அம்மன் பாட்டு. தோட்டமே கழுவித் துடைத்துத் திருவிழாவுக்கு நின்றது. கோயில் வாசலில் மஞ்சள் வேட்டியும் வெறுங்காலுமாக ஒரு வாலிபன் பந்தல் கம்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான். கையில் மஞ்சள் கயிறு.

“யுகேஷ் தானே?”

“ஆமாங்க. நீங்க?”

அஸ்ஃபர் அவனை மேலும் கீழும் பார்த்தான். “ஓடி ஒளிஞ்ச ஆள் இவ்வளவு மஞ்சளா ஒளிஞ்சிருக்கிறத நான் கண்டதே இல்ல.”

“ஓடினேனா? நானா? காப்புக் கட்டியாச்சு அண்ணே. தீ மிதிக்கிறேன். திருவிழா முடியிற வரைக்கும் தோட்டத்து எல்லையைத் தாண்டக்கூடாது. வெள்ளிக்கிழமை பொழுது சாயக் கட்டினாங்க. அன்னையில இருந்து போனைக்கூட நிப்பாட்டி அம்மாகிட்டக் கொடுத்துட்டேன்.”

இராஜகுமாரி சுற்றி வளைக்கவில்லை. “பதினேழாம் சந்தி எங்க இருக்கு?”

யுகேஷ் நனைந்துகொண்டே முன்னால் நடந்தான். மேல் லயத்துக்கும் கீழ் லயத்துக்கும் நடுவில், தண்ணீர் கொட்டும் பீலிக்குப் பக்கத்தில், தரையிலிருந்து ஒரு தடித்த குழாய் தலை நீட்டியது. அதில் சக்கரம் வைத்த பழைய வால்வு ஒன்று. பார்த்ததும் அஸ்ஃபருக்கே பேச்சு நின்றுவிட்டது. இது கண்டி மாவட்ட வரலாற்றில் பதியப்பட வேண்டிய சம்பவம்.

வால்வுச் சக்கரத்தில் மஞ்சள் கயிறு. கயிற்றில் ஒரு மஞ்சள் கிழங்கு, கொத்து வேப்பிலை. மேலே குங்குமப் பொட்டு.

“இதுவுமா தீ மிதிக்குது?” என்றான் பேச்சு திரும்பியதும்.

யுகேஷ் கூச்சத்தோடு தலையைச் சொறிந்தான். “தண்ணிச் சண்டை மெடம். மேல் லயத்து ஆளுக வந்து மூடுவாங்க. கீழ் லயத்து ஆளுக வந்து திறப்பாங்க. மறுபடி அவங்க மூடுவாங்க, இவங்க திறப்பாங்க. ராவும் பகலும் இதே வேலை. ஒரு வருசம் சண்டை முத்திப்போய் சாமி தூக்கவே ஆள் வரல்ல. கடைசியில கோயில்ல வச்சுப் பேசி, ரெண்டு பக்கத்துக்கும் போற மாதிரி பாதியில நிறுத்தி, வால்வுக்கே காப்புக் கட்டிட்டாங்க. எங்களுக்குத் திருவிழா முடிஞ்சா அவுத்துடுவாங்க. இதுக்கு மட்டும் அவுக்கிறதே இல்ல. யாரும் கை வைக்க மாட்டாங்க.”

இராஜகுமாரி குடையைக் கீழே விட்டார். மழையில் நனைந்தபடியே போனை எடுத்தார். சிக்னல் இல்லை. அஸ்ஃபர் போனைப் பிடுங்கிக்கொண்டு ஒரு பாறையின் உச்சிக்கு ஏறி, கையை மேகத்துக்குள் நீட்டினான். மணி அடித்தது.

“டிலானி!” கீழிருந்து இராஜகுமாரி கத்தினார். “பதினேழாம் சந்தியில இருக்கிற வால்வு உன் கணக்குல எப்படி இருக்கு?”

ஸ்பீக்கரில் குரல் இறங்கி வந்தது. “தானியங்கின்னு போட்டிருக்கு மெடம். திறக்கிறதா மூடுறதான்னு புரோகிராமே பார்த்து முடிவெடுக்கும். அமுக்கம் கூடினா மூடும், குறைஞ்சா திறக்கும்.”

“திறந்தா அமுக்கம் கூடிடும். கூடினா மூடும். மூடினா குறைஞ்சிடும். குறைஞ்சா திறக்கும்!”

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. “அதுதான் அந்த ரெண்டு விடை.”

“உன் புரோகிராமுக்குள்ள மேல் லயமும் கீழ் லயமும் பழைய சண்டையைத் திரும்பப் போட்டுக்கிட்டு இருக்கும்மா. அந்த இடத்துல பாதின்னு போட்டு ஓட விடு.”

அஸ்ஃபரின் கை மேகத்துக்குள் மரத்துப்போனது. பிறகு ஸ்பீக்கரில் ஓர் அலறல். பாறை மேல் நின்றவன் சறுக்கி, தேயிலைச் செடியைப் பிடித்துத் தப்பினான்.

“நின்னுடுச்சு! மெடம், வந்து நின்னுடுச்சு! வெள்ளிக்கிழமை வந்த அதே விடை!”

“நான் சொன்னேனே” என்றான் அஸ்ஃபர், சேற்றோடு இறங்கி வந்து. “கேஸ் முடிஞ்சி. தம்பி பாதியைப் போட வேண்டிய இடத்தில பிழையா...”

“தானியங்கின்னா சொன்னாங்க?” யுகேஷின் முகம் மாறியிருந்தது. “நான் பாதின்னுதானே போட்டேன்? அளந்த முதல் நாளே போட்டேன். நான் மாத்தவே இல்ல மெடம், அம்மன் மேல ஆணையா.”

அஸ்ஃபர் விரல்விட்டு நாட்களை எண்ணினான். வெள்ளிக்கிழமை கணக்கு சரியாக வந்ததென்றால் அன்று அங்கே பாதிதான் இருந்திருக்க வேண்டும். மாறியது அதற்குப் பிறகு. அதற்குப் பிறகு யுகேஷ் இந்த மலையை விட்டு இறங்கவே இல்லை.

“ஏன் பாதின்னு ஒஃபிஸ்ல யார்கிட்டயாச்சும் விளக்கம் சொன்னியா?” என்று கேட்டார் இராஜகுமாரி.

“வால்வுக்குக் காப்புக் கட்டின கதையைச் சொன்னா சிரிப்பாங்க மெடம். அதான் சும்மா போட்டுட்டு வந்துட்டேன்.”

“அப்ப யாரு? புள்ளையும் இல்ல, தம்பியும் இல்ல. பேய் வந்து மாத்திச்சா?”

“வண்டியை எடு” என்றார் இராஜகுமாரி. “எனக்கு ஒரு ஜன்னல் ஞாபகம் வருது.”

மலையிறக்கத்தில் அஸ்ஃபர் ஓட்டியதை ஓட்டுதல் என்று சொல்ல முடியாது. கீழே விழுந்துகொண்டிருந்தான், இடையிடையே ஸ்டியரிங்கைத் திருப்பினான். அதே பசு இப்போது கீழ்நோக்கி வந்துகொண்டிருந்தது. அதை முந்தியபோது அவன் விட்ட வெற்றி முழக்கம் கட்டுகஸ்தோட்டை வரை கேட்டிருக்கும். கொழும்பு வீதியில் டிலானியை அள்ளிப் போட்டுக்கொண்டு, பேராதனை வீதியில் இல்லாத பாதையெல்லாம் கண்டுபிடித்து, நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால் நடராஜாவின் வாசலில் நிறுத்தினான்.

இராஜகுமாரி உள்ளே நுழைந்து, கதவைப் பாதி சாத்திவிட்டு உட்கார்ந்தார். டிலானி சுவரோரம் நின்றாள். கண் முழுதும் மேசைத் தொலைபேசியில்.

“புரோகிராம் சரியாயிடுச்சு சேர்” என்றார் இராஜகுமாரி.

“ஓம், உடைச்ச ஆளுக்குத் திருத்தவும் தெரியும்தானே.” நடராஜா எழுந்து போய்க் கதவைப் பூட்டினார்.

“கொஞ்சம் காத்து வரட்டும்” என்று இராஜகுமாரி எழுந்து போய்ப் பாதி திறந்துவிட்டு வந்தார்.

நடராஜா மேலே பேசப் பார்த்தார். கண் கதவுக்குப் போனது. பேச்சு இடறியது. போய்ப் பூட்டினார். இராஜகுமாரி இருமிக்கொண்டே போய்ப் பாதி திறந்தார். நடராஜாவின் நெற்றியில் வியர்வை துளிர்த்தது. மறுபடி எழுந்தார்.

“இவ்வளவு பாடுபட்டு ஏன் சேர் பூட்டுறீங்க?”

“கதவெண்டா ஒண்டில் திறந்திருக்கோணும், இல்லாட்டிப் பூட்டியிருக்கோணும்! பாதியில நிண்டா அது என்ன கதவு?”

“அப்போ வால்வு?”

“வால்வும் அப்பிடித்தான்! அந்தப் பெடியன் பாதியெண்டு போட்டு வச்சிருந்தவன். ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்திட்டு, தட்டச்சுப் பிழையெண்டு நான்தான் எடுத்துப்போட்டுத் தானியங்கியெண்டு...”

வாய் திறந்தபடி நின்றது. கதவுக் கைப்பிடியில் வைத்த கையும் நின்றது.

அஸ்ஃபர் குனிந்து தரையைப் பார்த்தான். “மெடம், பொத்தான் ஒண்டு விழுந்த சத்தம் கேட்டிச்சி.”

தொலைபேசி அலறியது.

நடராஜா மேசைக்கு வந்து எடுத்தார். “ஹலோ... ஓம், நடராஜாதான் கதைக்கிறன்.” அவர் கண்கள் டிலானியைத் தொட்டு, விலகின. “டிலானியோ? ஓம்... கெட்டிக்காரப் பிள்ளைதான். இப்ப ஒரு சின்னப் பிரச்சினை வந்தது... பிறகு ஒரு மாதிரிச் சரி வந்திட்டுது... யாருடைய பிழையெண்டு...”

டிலானி கண்ணை மூடிக்கொண்டாள். அந்த இழுவையே போதும், கொழும்புக்காரர்கள் அதில் ஒரு முழுக் கதை எழுதிக்கொள்வார்கள்.

“சேர்” என்றார் இராஜகுமாரி, தொலைபேசிக்குக் கேட்காத குரலில். “பாதி சொல்லாதீங்க. உங்களுக்குத்தான் பாதி பிடிக்காதே.”

நடராஜாவின் முதுகு நிமிர்ந்தது.

“கேளுங்கோ. பிரச்சினையைச் செய்தது நான். விபரத்தை மாத்திப்போட்டு, அந்தப் பிள்ளையில பழியையும் போட்டனான். அவ எழுதின புரோகிராம் அது பிழையெண்டு சொல்லிக்கொண்டே இருந்தது. எனக்குத்தான் விளங்கேல்லை. அவவை விடாதேங்கோ.”

ரிசீவரை அதன் இடத்தில், நேராக, வைத்துவிட்டுக் கதிரையில் உட்கார்ந்தார்.

டிலானி கையெடுத்துக் கும்பிட்டாள், யாரை என்று அவளுக்கே தெரியாது. கண்ணைத் துடைத்துக்கொண்டு படியிறங்கி ஓடினாள். பின்னால் இராஜகுமாரி போனார். கடைசியாக அஸ்ஃபர், வாசலில் ஒரு கணம் நின்று, கதவை அளந்து பார்த்து, மிகக் கச்சிதமாகப் பாதியில் விட்டுவிட்டுப் போனான்.

நடராஜா கதவைப் பார்த்தார். கைப்பிடிகளை ஊன்றிக் கதிரையிலிருந்து பாதி எழுந்தார்.

அப்படியே நின்றார்.